பெயர் மூளை, பிறவி தசை

டிஇ671 என்று ஒரு செல் இருக்கிறது. 1977-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் அதைப் பற்றி முதன்முதலில் எழுதியபோது, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் சிறுமூளையில் வளர்ந்த புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தது என்று குறித்தார்கள். கட்டியிலிருந்து வெட்டி எடுத்த துணுக்கு குடுவைக்குள் சத்துநீரில் பிழைத்து, பெருகி, நிற்காமல் வளர்ந்துகொண்டே போனது. இப்படி உடலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக வளரும் செல்களைத்தான் செல் வரிசை என்கிறோம். மனித மூளையிலிருந்து வந்த செல் வரிசை அந்த நாளில் அரிய பொருள். நரம்பு ஆய்வு செய்கிறவர்கள் ஆவலோடு வாங்கிப்போய் வளர்த்தார்கள்.

1982-இல் அதன்மேல் பாம்பு நஞ்சு ஒன்றை இட்டுப் பார்த்தார்கள். நஞ்சு ஒட்டிக்கொண்டது.

அந்த நஞ்சின் பெயர் ஆல்ஃபா பங்காரோடாக்சின். தைவானைச் சேர்ந்த சாங், லீ என்ற இருவர் 1963-இல் அங்குள்ள கட்டுவிரியன் வகைப் பாம்பின் விஷத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பெயரில் இருக்கும் ‘பங்காரு’ நம் பக்கத்துச் சொல். தெலுங்கில் பொன் என்று பொருள். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சோழமண்டலக் கரையில் பாம்புகளைச் சேகரித்து 1796-இல் வெளியிட்ட நூலில், மஞ்சள் பட்டை போட்ட கட்டுவிரியனை ஊர்மக்கள் ‘பங்காரு பாமு’ என்று அழைப்பதாகக் குறித்து வைத்தார். அதிலிருந்துதான் கட்டுவிரியன் இனத்துக்கே பங்காரஸ் என்று அறிவியல் பெயர் வந்தது.

நம் ஊர்க் கட்டுவிரியன் கடித்தவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது. விடிகாலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியாது, இமை தானாகச் சரியும். பிறகு நாக்கு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். அதன் விஷத்தில் நரம்பின் முனையைச் சிதைக்கும் நஞ்சும் உண்டு. நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை வாங்காதபடி வாசலை அடைக்கும் நஞ்சும் உண்டு. ஆல்ஃபா பங்காரோடாக்சின் இரண்டாவது வகை. ஒரு தடவை ஒட்டினால் லேசில் விடாது. இந்தப் பிடிவாதம்தான் ஆய்வாளர்களுக்குப் பிடித்துப்போனது. நஞ்சோடு கதிரியக்க அயோடின் அணுவைக் கோத்துவிட்டால் எந்தச் செல்லில் எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

எண்ணிப் பார்த்ததில் டிஇ671 செல்லின்மேல் வாசல்கள் இருந்தன, அவை வேலையும் செய்தன. ‘நரம்புச் செல் போன்ற இயல்புகள்’ என்று தங்கள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. மூளையிலிருந்து வந்த செல், நரம்புச் செய்தியை வாங்கும் ஏற்பியைச் சுமக்கிறது. மூளையிலும் இந்த நஞ்சு ஒட்டும் ஏற்பிகள் உண்டு. எல்லாம் பொருந்தித்தான் இருந்தது.

ஏற்பி என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்துவிடுவோம். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. நரம்பு தன் முனையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிந்துகிறது. எதிர்க்கரையில், தசையின் மேற்பரப்பில், அதை வாங்கும் ஏற்பிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிளந்து, அந்த அளவில் ஒரு சதுரம் போட்டால் அதற்குள் ஏறத்தாழ 10,000 ஏற்பிகள். ஒவ்வொரு ஏற்பியும் ஐந்து புரதங்கள் சேர்ந்து நிற்கும் வட்டம். கும்மிக்கு ஐந்து பெண்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பதை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இடம்தான் வாசல். அசிடைல்கோலின் வந்து உரிய இடத்தில் அமர்ந்தால் ஐவரும் சற்றே திரும்புகிறார்கள், வாசல் திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்குகிறது. வாசல் திறந்து மூடுவது ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும்.

இந்த ஐவரைத் துணை அலகுகள் என்கிறார்கள். தசையில் இருக்கும் ஏற்பியில் ஆல்ஃபா என்பவர் இருவர். கூடவே பீட்டா, டெல்ட்டா, இன்னும் ஒருவர். ஆல்ஃபா பக்கத்து ஆளோடு சேரும் இடுக்கில்தான் அசிடைல்கோலின் அமர்கிறது, விஷமும் அங்கேதான் ஒட்டுகிறது. மூளையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வட்டத்தில் நிற்கிற ஆட்கள் வேறு. அவர்களும் ஆல்ஃபா என்றே பெயர் கொண்டவர்கள், ஆனால் வேறு எண் உடையவர்கள், வேறு மரபணுவில் பிறந்தவர்கள். தசையின் ஆல்ஃபா மூளையின் ஏற்பியில் நிற்பதில்லை. ஆகவே ஒரு செல் எந்த ஐவரைத் தன் மேற்பரப்பில் நிறுத்தியிருக்கிறது என்று பார்த்தால், அது உடலின் எந்தப் பகுதியில் பிறந்தது என்பதை ஊகித்துவிடலாம்.

கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். டிஇ671 செல்லுக்குள் ஆல்ஃபா புரதத்துக்கான செய்தியைப் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். மனிதத் தசையின் ஆல்ஃபா எப்படியோ, அப்படியே இருந்தது. 1988-இலும் 1989-இலும் அவர்கள் எழுதிய கட்டுரைகளின் தலைப்பே ஒரு திகைப்பு: மனிதச் சிறுமூளைக் கட்டியின் செல் வரிசை, தசையின் ஏற்பியைத் தயாரிக்கிறது. மூளையில் பிறந்த பிள்ளை தசையின் மொழியைப் பேசுகிறது என்பதை அவர்கள் அறிவித்தார்கள். பிள்ளை மூளையில் பிறந்ததா என்று அந்தத் தலைப்புகள் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு அதே 1989-இல் விடை வந்தது. ஒரு பக்கம், குரோமோசோம்களை ஒப்பிட்டவர்கள் ‘நேச்சர்’ இதழில் சிறு கடிதமாக எழுதினார்கள். இன்னொரு பக்கம், பிரிட்டனில் மைக்கேல் ஸ்ட்ராட்டனும் அவருடன் பணிசெய்தவர்களும் மரபணுக் குறிகளை ஒப்பிட்டார்கள். இவர்தான் பின்னாளில் மார்பகப் புற்றோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 மரபணுவைக் கண்டறிந்த குழுவை நடத்தியவர். இரு தரப்பும் சொன்னது ஒன்றே: டிஇ671 என்று உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கும் செல் மூளைக்கட்டியே அல்ல. அது ஆர்டி என்ற வேறொரு செல் வரிசை. ஆர்டி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் இடுப்புப் பகுதியில் வளர்ந்த தசைப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு 1969-இல் பதிவானது. இரண்டு செல் வரிசைகளையும் உருவாக்கியது லாஸ் ஏஞ்சலஸின் ஒரே ஆய்வுக் குழு.

இது எப்படி நேர்கிறது என்பது செல் வளர்த்தவர்களுக்குப் புரியும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். 37 டிகிரிப் பெட்டிக்குள் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள் படுத்திருக்கின்றன. உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். செல்கள் தின்று கழித்து அமிலம் சேர்ந்தால் நிறம் மஞ்சளுக்குப் போகும். ‘மீடியா மாத்தணும்’ என்று அந்த ஆராய்ச்சி மாணவி எழுந்துபோவது அந்த நிறத்தைப் பார்த்துத்தான். குடுவையை நுண்ணோக்கியின் மேல் வைத்துக் காட்டினார். நூல் நூற்கும் கதிர்போல் இருமுனையும் கூர்ந்த செல்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அடுத்த குடுவையில் இருந்தவை வேறு வரிசை, அவையும் எனக்கு ஏறக்குறைய அப்படியேதான் தெரிந்தன. வித்தியாசம், குடுவையின் கழுத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயரும் தேதியும். ஒரே உறிஞ்சுகுழலை இரண்டு குடுவைக்குள்ளும் விட்டால் போதும், ஒரு சொட்டு போதும். வேகமாக வளர்கிற செல் மெதுவாக வளர்கிற செல்லைச் சில வாரங்களில் மூடிவிடும். குடுவையின் பெயர் பழையதாகவே இருக்கும். உள்ளே குடியிருப்பவர் மாறியிருப்பார்.

டிஇ671 விதிவிலக்கும் அல்ல. 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள், பல ஆய்வகங்களில் மற்ற செல்களை மூடிவிட்டு அவற்றின் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன என்று 1966-இலேயே ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் கசப்போடுதான் கேட்டார்கள். இன்று பெயர் மாறிய செல் வரிசைகளுக்கென்றே பன்னாட்டுப் பட்டியல் இருக்கிறது, அதில் பல நூறு பெயர்கள் இருக்கின்றன. ஆள் அடையாளம் காணக் காவல்துறை பயன்படுத்தும் அதே மரபணு ரேகைச் சோதனையைச் செய்தால் சில நாட்களில் உண்மை தெரிந்துவிடும். அந்தச் செலவை வீண் என்று நினைக்கும் ஆய்வகங்கள் இன்னும் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவறான செல்லில் செய்த வேலை தாளில் அச்சாகி, அதை நம்பி இன்னொருவர் ஐந்தாண்டு உழைப்பார்.

ஆனால் டிஇ671 கதையில் அதற்கப்பால் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்குக் காலையில் ஒன்றும் இருக்காது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, சமையல் முடித்து நன்றாகத்தான் இருப்பார். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் இடது கண் இமை சரியத் தொடங்கும். பூத்தொடுக்கும்போது ஒரு மல்லிகை இரண்டாகத் தெரியும். இரவுச் சாப்பாட்டில் பாதியிலேயே தாடை ஓய்ந்து, கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மெல்லுவார். வயசாச்சு என்றோம். கவலை என்றோம். ஒரு மருத்துவர் கண்ணாடியை மாற்றினார், இன்னொருவர் தூக்க மாத்திரை எழுதினார். இரண்டு வருடம் கழித்து ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை ஒரு நிமிடம் கண் கொட்டாமல் கூரையையே பார்க்கச் சொன்னார். இமை மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு ஐஸ் கட்டியைக் கையுறைக்குள் போட்டு இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். இமை ஏறி நின்றது. ‘அம்மா, இது மயஸ்தீனியா. ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தர்றேன், உறுதி பண்ணிக்கலாம்’ என்றார்.

மயஸ்தீனியா கிராவிஸ் உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களில் ஒன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், தசையின் அசிடைல்கோலின் ஏற்பிகளைத் தாக்கி அழிக்கின்றன. வாசல்கள் குறைந்துபோனதால், திரும்பத் திரும்ப வேலை செய்யும் தசை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. கட்டுவிரியன் ஒரே இரவில் செய்வதை இந்த நோய் மாதக்கணக்கில் செய்கிறது என்று சொல்லலாம். இரண்டிலும் முதலில் சரிவது இமைதான். 1934-இல் லண்டனின் கிரீன்விச் பகுதி மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்த நோய் கியூராரே என்ற அம்பு விஷம் ஏறியவரின் நிலையைப் போலவே இருப்பதைக் கவனித்து, அந்த விஷத்துக்கு முறிவான மருந்தை ஊசியில் கொடுத்துப் பார்த்தார். சில மணி நேரத்துக்கு நோயாளியின் பலம் திரும்பியது. காரணம் மட்டும் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 1973-இல், சால்க் நிறுவனத்தில் ஜிம் பாட்ரிக்கும் மேலே சொன்ன அதே லிண்ட்ஸ்ட்ரோமும், மின்விலாங்கின் ஏற்பியைத் தூய்மைப்படுத்தி முயல்களுக்கு ஊசி போட்டார்கள். ஏற்பிக்கு எதிர்ப்பொருள் உண்டாக்குவதுதான் நோக்கம். எதிர்ப்பொருள் உண்டானது. முயல்கள் தலை தொங்கி, கால் ஓய்ந்து, மூச்சுத் திணறின. நோய் எங்கே இருக்கிறது என்று அந்த முயல்கள் காட்டிக்கொடுத்தன.

1976-க்குள் மனித ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை வந்துவிட்டது. உடல் முழுக்க நோய் பரவியவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரிடம் அது கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்கு மனித ஏற்பி வேண்டும். எங்கே போவது? அறுவை அரங்கில் வெட்டி எடுக்கப்பட்ட கால்களின் தசையை வாங்கி அரைத்துப் பயன்படுத்தினார்கள். கால் அழுகிப்போனவர்கள், ரத்த ஓட்டம் நின்றுபோனவர்கள் இழந்த கால்கள் அவை. ஒவ்வொரு காலும் ஒவ்வொரு மாதிரி. கிடைக்கும் நாளும் நிச்சயமில்லை.

அந்த இடத்துக்குத்தான் டிஇ671 வந்தது. மூளை என்று சொல்லிக்கொண்டு தசையின் ஏற்பியைத் தயாரித்த செல், குடுவையில் வேண்டிய அளவுக்கு வளரும், என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும். செல்களைச் சோப்பு போன்ற திரவத்தில் கரைக்கிறார்கள். அதில் கதிரியக்க அயோடின் கோத்த கட்டுவிரியன் நஞ்சைச் சேர்க்கிறார்கள், அது ஏற்பிமேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் நோயாளியின் ரத்தநீரில் சில சொட்டு. எதிர்ப்பொருள் இருந்தால் அது ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை வீழ்படிவாக்கி, அதில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளந்தால் தீர்ந்தது. ஒரு சின்னச் சோதனைக் குழாய்; அதற்குள் தைவான் பாம்பின் விஷம், என்றோ லாஸ் ஏஞ்சலஸில் நோயுற்ற ஒரு குழந்தையின் செல், இன்றைய நோயாளியின் ரத்தம்.

இந்த இடத்தில் ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தசை ஏற்பியின் வட்டத்தில் இன்னும் ஒருவர் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். தாய் வயிற்றில் இருக்கும் கருவின் தசையில் அந்த இடத்தில் காமா நிற்கிறார். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் காமா விலகி, அந்த இடத்தில் எப்சிலான் வந்து நிற்கிறார். பிறகு ஆயுளுக்கும் எப்சிலான்தான். இந்த மாற்றத்தை 1986-இல் ஜப்பானின் ஷோசாகு நூமாவின் குழுவும் ஜெர்மனியின் பெர்ட் சாக்மனும் சேர்ந்து தெளிவாக்கினார்கள். காமா நிற்கும் வாசல் ஒவ்வொரு தடவையும் நெடுநேரம் திறந்திருக்கும், ஆனால் பாயும் மின்னோட்டம் குறைவு. எப்சிலான் நிற்கும் வாசல் சட்டென்று திறந்து நிறையப் பாய்ச்சிவிட்டுச் சட்டென்று மூடும். ஐவரில் ஒருவர் மாறினால் வாசலின் குணமே மாறுகிறது.

டிஇ671 ஒரு குழந்தையின் தசைப் புற்று. முதிராத தசையின் இயல்பு அதில் தங்கிவிட்டது, அதன் ஏற்பியில் நிற்பவர் காமா. பெரியவர்களுக்கு வரும் நோயைக் கருவின் ஏற்பியை வைத்துத் தேடினால், எப்சிலானையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள் தப்பித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் பீசனும் ஏஞ்சலா வின்சென்ட்டும் இதற்கு வழி கண்டார்கள். டிஇ671 செல்லுக்குள் எப்சிலானின் மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தி, பெரியவர்களின் ஏற்பியைத் தயாரிக்கும் புதிய வரிசையை உருவாக்கி 1996-இல் வெளியிட்டார்கள். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து பயன்படுத்தினால் இரண்டு வகையும் பரிசோதனைக்குள் வந்துவிடும்.

காமா வகை வீண்போகவும் இல்லை. சில தாய்மார்களுக்குக் கர்ப்பம் தங்குகிறது, ஆனால் வயிற்றில் குழந்தை அசைவதே இல்லை. பிறக்கும் குழந்தையின் மூட்டுகள் மடங்கி இறுகிப்போயிருக்கும். பல குழந்தைகள் பிழைப்பதில்லை. அடுத்த கர்ப்பத்திலும் அதே துயரம். தாய்க்கோ நோயின் அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். 1995-இல் வின்சென்ட்டின் குழு இப்படியொரு தாயின் ரத்தத்தில், கருவின் ஏற்பியை மட்டும் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டது. தாயின் தசையில் நிற்பவர் எப்சிலான், அதனால் அவர் தப்பித்தார். நஞ்சுக்கொடி வழியே இறங்கிய எதிர்ப்பொருள், காமா நிற்கும் குழந்தையின் தசையை முடக்கியது. கை கால் அசையாத குழந்தைக்கு மூட்டு எப்படி மலரும்? பிள்ளை தக்காத பெண்ணை நம் ஊர் என்னென்ன சொல்லி நோகடிக்கும் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம், காரணம் ஒரு புரதத்தில் இருக்கிறது, உன்னிடம் ஒரு குற்றமும் இல்லை, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியம் யோசிக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய விஷயம்!

2008-இல் அதே ஆக்ஸ்ஃபோர்டு குழு வேறொரு செல்லைக் கையில் எடுத்தது. அறிகுறி இருந்தும் பரிசோதனையில் ஒன்றும் தெரியாத மயஸ்தீனியா நோயாளிகள் உண்டு. அவர்களிடம் எதிர்ப்பொருள் இல்லையா, இல்லை நாம் தேடும் விதம் சரியில்லையா? கரைசலில் மிதக்கும் ஏற்பிகள் தனித்தனி. உண்மையான தசையிலோ அவை நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றை அப்படிக் கட்டி வைப்பது ராப்சின் என்ற புரதம். எச்இகே 293 என்ற செல்லுக்குள் ஆல்ஃபா, பீட்டா, டெல்ட்டா, எப்சிலான் மரபணுக்களோடு ராப்சினையும் சேர்த்துச் செலுத்தினார்கள். ஏற்பிகள் கொத்துக் கொத்தாகக் கூடின. பிடிப்புக் குறைந்த எதிர்ப்பொருள்களும் அந்த நெருக்கத்தில் போய் ஒட்டின. முன்பு ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டிருந்த 38 பேரில் 25 பேரிடம் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது.

எச்இகே 293-க்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. 1973-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், அலெக்ஸ் வான் டர் எப் நடத்திய ஆய்வகத்தில், ஃபிராங்க் கிரகாம் மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களுக்குள் அடினோவைரஸின் மரபணுத் துண்டைச் செலுத்தினார். அவர் தொடர்ந்து செய்துவந்த சோதனைகளில் அது 293-ஆவது. அந்த எண்தான் செல்லின் பெயரில் நிலைத்தது. இன்று தடுப்பூசித் தொழிலில் இருந்து நரம்பு ஆய்வு வரை இது இல்லாத இடம் குறைவு. வெளியிலிருந்து கொடுக்கும் மரபணுவைச் சுலபமாக ஏற்றுக்கொண்டு, அந்தப் புரதத்தைத் தயாரித்துத் தரும். சிறுநீரகச் செல் என்பதால் நரம்பின் ஏற்பிகள் இதில் இயல்பாக இருக்காது, வெற்றுச் சுவரில் படம் வரைவதுபோல் நமக்கு வேண்டிய ஏற்பியை இதில் தீட்டலாம் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை கொடுத்த பலன் பெரிது. மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளான காபாவுக்கும் ஐவர் நிற்கும் ஏற்பி உண்டு. அதற்கு மனிதரிடம் 19 மரபணுக்கள் இருக்கின்றன; அவற்றிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கி எத்தனை விதமாக வட்டம் கட்டலாம் என்று யோசித்துப் பாருங்கள். வேலியம் என்ற பெயரில் 1963-இல் கடைக்கு வந்த டயஸிபாம் மாத்திரை இந்த ஏற்பியில் வேலை செய்கிறது என்பது தெரியும். ஆனால் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் மட்டும் செல்லில் நிறுத்தியபோது, காபாவுக்கு வாசல் திறந்தது. டயஸிபாம் மூளையில் காட்டும் குணத்தை அங்கே காட்டவில்லை. 1989-இல் ஹைடல்பெர்க்கில் பீட்டர் சீபர்க்கின் குழு காமா-2 என்ற ஆளைக் கண்டுபிடித்து எச்இகே 293 செல்லில் மற்ற இருவரோடு சேர்த்தது. மாத்திரைக்கு ஏற்பி பதில் சொன்னது. மருந்து அமரும் இடமே ஆல்ஃபாவும் காமாவும் ஒட்டும் இடுக்குதான். வட்டத்தில் காமா இல்லையென்றால் மருந்துக்கு உட்கார இடமே இல்லை. ஒரே ஓர் ஆளைச் சேர்த்தும் நீக்கியும் பார்த்து இப்படி ஒரு விடையைப் பெறுவது, நூறு கோடிக்கணக்கான செல்கள் பின்னிக் கிடக்கும் மூளைக்குள் நடக்காத காரியம்.

சுவர் வெற்றாக இருந்ததா என்றால், முழுக்க இல்லை. 1996-இல் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்: இந்தச் செல் தானாகவே காபா ஏற்பியின் சில துணை அலகுகளைக் கொஞ்சம் தயாரிக்கிறது; நீங்கள் நிறுத்திய ஐவருக்கு நடுவே அது தன் ஆளையும் நுழைத்துவிடலாம்; அப்போது மருந்து காட்டும் குணம் யாருடையது? 2002-இல் கிரகாமே பங்குபெற்ற ஆய்வில், நரம்புச் செல்லுக்கே உரிய இழைப் புரதங்கள் இந்தச் செல்லில் கிடைத்தன. சிறுநீரகத்தில் ஓடும் நரம்புகளோடு வந்த செல்லாக இருக்கலாம், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் பங்காக இருக்கலாம் என்றெல்லாம் பேசப்பட்டது. மூளை என்று பெயர் வாங்கியது தசையாகப் போனது. சிறுநீரகம் என்று பெயர் வாங்கியது நரம்பின் பக்கம் சாய்கிறது.

மரபணு இருந்தாலும் ஏற்பி உருவாகாத செல்களும் உண்டு. மூளையில் பங்காரோடாக்சின் ஒட்டும் ஏற்பியில் ஐந்து இடத்திலும் ஆல்ஃபா-7 என்ற ஒரே வகை ஆள் நிற்கிறார். அவருடைய மரபணுவை எச்இகே 293-இல் செலுத்தினால் புரதம் உண்டாகும், ஆனால் ஐவரும் வட்டமாகக் கூடி மேற்பரப்புக்கு வர மாட்டார்கள். நரம்பு சார்ந்த சில செல் வரிசைகளில் மட்டும் கூடுவார்கள். கைகோத்துவிட ஒரு துணை வேண்டும். 2002-இல் ஒரு சின்ன மண்புழுபோன்ற உயிரியின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் ஆர்ஐசி-3 என்ற துணையைக் கண்டறிந்தார்கள்; 2016-இல் நாச்சோ என்ற இன்னொரு துணை கண்டறியப்பட்டது. இப்படி ஒரு துணையைச் சேர்த்தால் ஆல்ஃபா-7 எச்இகே செல்லிலும் மேலே வந்து நிற்கிறது. எத்தனையோ ஆய்வகங்கள் ‘இந்தச் செல்லில் ஏற்பி வேலை செய்யவில்லை’ என்று கைவிட்ட சோதனைகளில் ஏற்பியின் தவறு ஒன்றுமே இல்லை.

பெரியம்மாவின் பரிசோதனை முடிவு ஒரு வாரம் கழித்து வந்தது. எதிர்ப்பொருள் இருந்தது. இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார், சாயங்காலமும் பூத்தொடுக்கிறார். அவர் ரத்தத்தைச் சோதிக்க எந்தச் செல்லைப் பயன்படுத்தினார்கள் என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது, எழுதுகிற வழக்கமும் இல்லை.

ஆர்டி செல் நம் ஊரிலும் வளர்கிறது. போலியோ வைரஸைத் தேடும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்பில், சந்தேகத்துக்குரிய மாதிரியை முதலில் போட்டுப் பார்க்கும் செல்களில் ஆர்டியும் ஒன்று. வைரஸ் இருந்தால் செல்கள் உருண்டு, பிய்ந்து, குடுவையின் தரையைவிட்டு மிதக்கும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் அந்த வலையமைப்பைச் சேர்ந்தது. இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று நாம் சொல்ல முடிந்ததற்குப் பின்னால், 1960-களில் இடுப்புப் புற்று வந்த ஏழு வயதுச் சிறுமியின் செல்கள் ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் வேலை செய்திருக்கின்றன.

ஆறு வயதுச் சிறுமியின் செல்கள் எங்கே போயின? டிஇ671 என்ற பெயரில் இன்று உலகத்தில் எந்த உறைபெட்டியைத் திறந்தாலும் இருப்பது ஆர்டிதான். அவளுடையது என்று சொல்லத்தக்க ஒரு குப்பிகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. குடுவையின் கழுத்தில் எழுதியிருந்த அந்தப் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.